சாரலுக்கு முன்னால் ஒரு ஜன்னல்

போலீஸ் வேலையில் இருந்தவரை நான் கோபப்பட்டதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். கணவர் புளியங்குடி எலுமிச்சை மண்டியில் கணக்கு எழுதி ஓய்ந்தவர். உரக்கத் தும்மினால்கூட அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு என்று நினைக்கிற மனிதர். அப்படிப்பட்டவரிடம் எவ்வளவு நேரம் சண்டை போட முடியும்? அதனால்தான் கண்ணாடி உருக்க ஆரம்பித்தேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

என்னைத் தென்காசியில் எல்லோரும் ஏட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமைக் காவலராக இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். காக்கியைக் கழற்றி வைத்த பிறகும் அது போகவில்லை. சீசன் தொடங்கினால் குற்றாலத்தில் பெண்கள் குளிக்கும் பக்கம் எனக்குத்தான் டியூட்டி விழும். விசிலும் லத்தியுமாக நாள் முழுக்க நனைந்துகொண்டு நிற்பேன். கூட்டத்தை அதட்டலாம், தள்ளலாம், வரிசையில் நிறுத்தலாம். அதெல்லாம் எனக்குக் கைவந்த கலை. ஆனால் தண்ணீருக்கடியில் கிடக்கும் கண்ணாடிச் சில்லை என்ன செய்ய முடியும்? எவனோ மேலே பாறையில் உட்கார்ந்து குடித்துவிட்டு பாட்டிலை எறிந்திருப்பான். தண்ணீர் அதை உடைத்து, உருட்டி, கீழே கொண்டுவந்து சேர்க்கும். குளிக்க வந்தவள் ‘ஆ’ என்று காலைத் தூக்குவாள். பாறையில் ரத்தம் ஓடும். எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு முதலுதவிக்கு ஓடியிருக்கிறேன். ஓடும்போதெல்லாம் எறிந்தவன் கையில் கிடைக்கவில்லையே என்று பற்களை நறநறவென்று கடித்துக்கொள்வேன்.

அவன் கிடைக்கமாட்டான். சில்லு கிடைக்கும். அதனால் டியூட்டி முடிந்ததும் குனிந்து சில்லுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தேன். கொல்லைப்புறக் கொட்டகையில் சாக்குச் சாக்காகச் சேர்ந்தது. பழைய இரும்புக் கடைக்காரர் முழு பாட்டில் என்றால் எடுப்பார். உடைந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். குப்பையில் போட்டால் அள்ளுகிறவர் கையைக் கிழிக்கும். ஓய்வு பெற்ற பிறகும் பொறுக்குவதை நான் நிறுத்தவில்லை. பஸ்ஸில் போய்ப் பொறுக்கிக்கொண்டு, ஆட்டோவில் திரும்புவேன். சாக்கு ‘கலகல’ என்று சத்தம் போடும். தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. பால் வாங்குகிற இடத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம், “ஏட்டம்மா ரிட்டயர்டு ஆன கவலைல குடிக்க ஆரம்பிச்சிட்டாவளாம், சாக்கு சாக்கா பாட்டிலு வருது” என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. மறுநாள் பட்டப்பகலில் தெருமுனையிலேயே ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடுத்தெருவில் நிமிர்ந்து நடந்து வந்தேன். எவளாவது வாயைத் திறக்கட்டும் என்று ஒவ்வொரு வாசலையும் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லோருக்கும் திடீரென்று உள்ளே வேலை இருந்தது.

கண்ணாடியை உருக்கலாம் என்பதை போனில் ஒரு வீடியோவில் பார்த்தேன். பார்க்க எளிதாகத்தான் இருந்தது. செங்கோட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர் ஒருவரிடம், சூடு தாங்கும் செங்கல்லும் கம்பிச் சுருளும் வைத்து, மேலே மூடி போட்ட ஒரு கரண்டுச் சூளை செய்து வாங்கினேன். பெரிய இரும்புப் பெட்டி மாதிரி இருக்கும். முதல் முயற்சியில் பீர் பாட்டிலின் பச்சையையும் பிராந்தி பாட்டிலின் பழுப்பையும் சேர்த்து அடுக்கி உருக்கினேன். சூட்டில் இரண்டும் அழகாகக் கலந்தன. ஆறிய பிறகு நடுவில் பிளந்துகொண்டன. இரண்டும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை என்பது பல தட்டுகளை உடைத்த பிறகுதான் புரிந்தது. ஆகவே பச்சையைப் பச்சையோடு, பழுப்பைப் பழுப்போடு, ஒரே வகை பாட்டிலை அதே வகையோடு என்று தனித்தனியாக உருக்கக் கற்றுக்கொண்டேன். சேர்த்து வைக்கவேண்டும் என்றால் ஆறிய பிறகு இரும்புச் சட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். உருக்குவது வேலையே இல்லை, ஆறவைப்பதுதான் வேலை. சூளை தானாக, மெதுவாக, அதன் போக்கில் ஆற வேண்டும். அவசரப்பட்டு மூடியைத் திறந்து கொஞ்சம் குளிர்காற்று பட்டாலும் போதும், உள்ளே இருப்பது விரிசல் விட்டுவிடும். இதை வீட்டில் இருக்கும் ஒரே குடிமகனான என் கணவருக்குப் பலமுறை எடுத்துச் சொன்னேன். போதாதென்று சூளை மூடியில் சாக்பீஸால், ‘திறந்தால் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்றும் எழுதி வைத்தேன்.

எங்கள் அடுத்த வீட்டில் ஒரு பெண்மணி இருக்கிறார். என்னைவிடச் சில வயது இளையவர். கணவர் சவூதியில் கடை நடத்துகிறார். வருடத்துக்கு ஒருமுறை வந்துபோவார். இந்தப் பெண்மணி வாசுதேவநல்லூரிலிருந்து கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தவர். நான் கண்ணாடித் தட்டு செய்கிறேன் என்று தெரிந்ததும், கணவர் கொண்டுவந்த அத்தர், சென்ட் பாட்டில்களில் காலியானதையெல்லாம் மதில்மேல் வரிசையாக வைத்தார். நல்ல நீலம். எனக்கு வாயெல்லாம் பல். உடையாமல் வந்த முதல் தட்டை அவரிடம்தான் கொடுத்தேன். கொடுக்கும்போது, இது என்ன பாட்டில் என்று சொல்லிவிட வேண்டும் அல்லவா? சொன்னேன்.

“பிராந்தி பாட்டிலா? அது தீயில வெந்து வேற ஆளாயிட்டுல்லா. நானும் நல்லாக் கழுவிக்கிடுதேன்” என்று சொல்லி வாங்கிக்கொண்டார். அதில் பேரீச்சம்பழம் வைத்து எனக்கே திருப்பிக் கொடுத்தார்.

ஒருநாள் மதில் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, அருவியில் குளித்து எவ்வளவு நாள் ஆகிறது என்று கேட்டேன். பேச்சுக்குக் கேட்டதுதான்.

“நான் எங்கக்கா குளிச்சேன்? கல்யாணம் ஆகி வந்ததுலேருந்து ஒருநாளும் குளிச்சதில்ல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குற்றாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இத்தனை வருடமாக இருக்கிறார். எந்தெந்த ஊரிலிருந்தோ ஜனங்கள் பஸ் பிடித்து வந்து குளித்துவிட்டுப் போகிறார்கள்.

“சொந்தக்காரங்க வந்தா எல்லாரும் வேன் புடிச்சிப் போவோம். எல்லாவளும் குளிப்பாளுவ. நான் பையும் செருப்பும் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். ஈரத்தோட வேன்ல ஏற எனக்கு ஒப்பாது. அங்கன இருக்க அந்த ரூம்ல நின்னு துணி மாத்தவும் முடியாது. நீங்கதான் பாத்திருப்பியளே.”

பார்த்திருக்கிறேன். எந்த அருவி என்று சொல்லமாட்டேன். சொன்னால் ஒரு அலுவலகத்தில் ஒருவருக்குத் தூக்கம் கெடும். பெண்கள் உடை மாற்றும் அறை அது. ஒரே ஒரு பெரிய ஜன்னல். பின்பக்கம் பாதை போவதால் எவனாவது எட்டிப்பார்ப்பான். போனில் கேமரா வந்த பிறகு சொல்லவே வேண்டாம். இரண்டொரு பேரை நானே சட்டையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறேன். அதனால் ஜன்னலைத் தகரம் அடித்து மூடிவிட்டார்கள். உள்ளே கும்மிருட்டு. பல்பு போட்டால் சாரல் ஈரத்தில் நாலு நாள் தாங்காது. சேலை முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வழுக்குகிற தரையில் பெண்கள் தடவித் தடவி உடை மாற்றுவார்கள். இருட்டில் யார் நிற்கிறார்கள் என்ற பயம் வேறு. பாதிப் பேர் அறைக்குள்ளேயே வராமல் ஈரத்தோடு வண்டி ஏறிவிடுவார்கள். அந்த வாசலில்தான் நான் வருடக்கணக்காகக் காவல் நின்றேன்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. எட்டிப்பார்ப்பவன் சந்தோஷமாக வெளியே திரிகிறான். இருட்டில் நிற்பது இவர்கள். வீட்டுக்குள் வந்து ஒரு பச்சைத் தட்டை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் வந்தது. அந்தப்பக்கம் இருந்த என் கணவர் தெரியவில்லை. ஏதோ ஒன்று அசைவது மட்டும் தெரிந்தது.

“ஏட்டம்மா, என்னத்துக்கு என்னயவே பாக்க?” என்று பயந்து கேட்டார்.

“உங்களப் பாக்கல. நீங்க தெரியாம இருக்கியளான்னு பாக்கேன்” என்றேன்.

அந்த அறையைப் பராமரிக்கிற அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி சின்ன வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். தகரத்தை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைக்கிறேன், என் செலவு, என் உழைப்பு என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏட்டம்மா, பொம்பளைங்க விஷயம். கண்ணாடின்னா உள்ள தெரியும்னு நாளைக்கு ஒருத்தன் கெளப்பி விட்டாம்னா நான் என்ன செய்ய?”

“தெரிஞ்சா நானே தகரம் அடிக்கேன்.”

அவர் ஒரு நிபந்தனை போட்டார். அருவியில் தண்ணீர் விழுவதற்குள் ஜன்னல் முழுசாக அடைபட்டிருக்க வேண்டும். “தண்ணி விழுந்துட்டா கூட்டம் வந்துரும். அன்னைக்கு அதுல ஒரு விரல் நுழையுத ஓட்டை இருந்தாலும் தகரத்த அடிச்சிருவேன். அதுக்கப்புறம் அதுல கை வைக்க யாரையும் விடமாட்டேன்” என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். ஒத்துக்கொண்டேன். அடுத்த வீட்டுக்காரரான அந்தப் பெண்மணியிடம் வந்து சொன்னேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “நீங்க சொன்னா ஆச்சா? நான் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் சரி. நான் சரின்னு சொன்னா இந்த சீசனுக்குக் குளிப்பேன்” என்றார். என் வேலைக்காலத்தில் மேலதிகாரிகள்கூட இவ்வளவு கறாராக என்னிடம் பேசியதில்லை.

பரீட்சை மதில்மேலேயே நடந்தது. அவர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கையை நீட்டுவார். நான் இந்தப்பக்கம் போன் கேமராவை வைத்து, எத்தனை விரல் என்று சொல்ல முயல்வேன். பழுப்பு தேறியது. பச்சை தேறியது. அவர் கொடுத்த நீலமும் தேறியது. நிறமில்லாத வெள்ளைக் கண்ணாடிதான் காலை வாரியது. எவ்வளவு தடிமனாக உருக்கினாலும் விரல்கள் மங்கலாகவாவது தெரிந்தன. வெள்ளை இல்லாமலும் முடியாது. ஜன்னலின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெள்ளைப் பட்டை விழவேண்டும், அதுதான் அருவி என்று நான் படம் போட்டு வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் பழுப்பில் பாறை, பச்சையில் காடு, மேலே நீலத்தில் வானம். அதுவும் போக, அந்த அறைக்கு வேண்டிய வெளிச்சம் அந்த வெள்ளை வழியாகத்தான் வரவேண்டும். கடைசியில், கொப்புளம் நிறைய வரும்படி பொடித்த சில்லையும் முழுச் சில்லையும் கலந்து, செங்கல் கனத்தில் ஒரு நீளப் பலகையாக உருக்குவது என்று முடிவு செய்தேன். தேறுமா என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

வைகாசி வெயிலில் கொட்டகைக்குள் சூளையோடு கிடந்தேன். ஊரே மேற்கு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் இரண்டு பேர் சந்தித்தால், “இந்த வருசம் எப்ப சாரல் கட்டும்?” என்பதுதான் பேச்சு. லாட்ஜ்காரர்கள் வெள்ளையடித்தார்கள், பழக்கடைக்காரர்கள் பந்தல் போட்டார்கள். என் கணவர் காலையில் எழுந்ததும் வாசலில் நின்று காற்றை முகர்ந்து பார்ப்பார். தென்காசி ஜில்லாவிலேயே ‘சாரல் வராதே, கொஞ்சம் பொறு’ என்று சாமி கும்பிட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

செங்கோட்டை வெல்டிங் பட்டறைக்காரர் இரும்புச் சட்டம் செய்து தந்தார். தகரத்தைக் கழற்றி, சட்டத்தைப் பொருத்தி, பழுப்பும் பச்சையும் நீலமுமாக எல்லாச் சதுரங்களையும் வைத்துப் பூசியாகிவிட்டது. நடுப்பட்டை மட்டும் காலி. வெள்ளைப் பலகை வீட்டில் சூளைக்குள் ஆறிக்கொண்டிருந்தது. மறுநாள் எடுத்துவிடலாம். அன்று நான் குற்றாலத்தில் சட்டத்தின் ஓரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்கழுத்தில் ‘சில்’லென்று ஏதோ பட்டது. திரும்பிப் பார்த்தேன். மலையைக் காணவில்லை. மேகம் இறங்கி மூடியிருந்தது. பாதையில் போனவர்கள் எல்லோரும் அப்படியே நின்று முகத்தை மேலே தூக்கினார்கள். ஒரு டீக்கடைக்காரர் அடுப்பை விட்டு வெளியே ஓடிவந்து கையை விரித்துக்கொண்டு நின்றார். சாரல் வந்துவிட்டது.

கிடைத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தேன். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. முதல் சாரல் காற்று அடித்தால் வீட்டில் ஒரு கதவோ ஒரு ஜன்னலோ மூடியிருக்கக்கூடாது. எல்லாவற்றையும் அகலத் திறந்துவிடுவார்கள். கோடை முழுக்க வெந்துகிடந்த வீட்டுக்குள் அந்தக் காற்று ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும். மூடி வைத்தால் பெரிய பாவம் செய்தது மாதிரி பார்ப்பார்கள். அந்த விஷயத்தில் என் கணவர் வெகு கண்டிப்பு. தெருவுக்குள் நுழையும்போதே எங்கள் வீட்டுத் திரைச்சீலைகள் பறப்பது தெரிந்தது. வாசல் கதவு திறந்திருந்தது. கொல்லைக் கதவு திறந்திருந்தது. கொட்டகையின் கதவும் ஜன்னலும் திறந்திருந்தன. சூளையின் மூடிக்கு அடியில் ஒரு செங்கல் சொருகியிருந்தது. அந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. ‘டிங்… டிங்…’ என்று உள்ளேயிருந்து சத்தம் கேட்டது.

அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படியொரு பெருமை.

“ஏளா, நான் திறக்கல. லேசா ஒருக்களிச்சுதான் வச்சிருக்கேன். நல்ல காத்து. நாளைக்கு வேணும்னு சொன்னியே, சீக்கிரம் ஆறட்டுமேன்னுதான்” என்றார்.

நான் செங்கல்லை உருவி மூடியைச் சாத்தினேன். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போன் அடித்தது. அந்த அதிகாரிதான். மேலே நல்ல மழை, விடிந்தால் தண்ணீர் விழுந்துவிடும், நாளை மத்தியானம் தகரத்தோடு ஆளை அனுப்புகிறேன் என்றார். சரி என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. எத்தனையோ பிரச்சினைகளில், எத்தனையோ கூட்டத்தில் அசையாமல் நின்றவள், ஒரு கண்ணாடிப் பலகைக்காக மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். அவருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. முகம் வெளிறிப்போய், செங்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

அடுத்த வீட்டுக்காரர் மதில் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு வந்தார். என்ன நடந்தது என்று அவரிடம் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

“அப்பம் இந்த வருசமும் நான் செருப்புக்குத்தான் காவலா?” என்றார்.

அந்த ஒரு கேள்வி என்னைக் கிளப்பிவிட்டது. ஒரு மணி நேரம் ஆறுதல் சொல்லியிருந்தால்கூட எழுந்திருக்கமாட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் வாயை அடைக்க வேண்டுமே என்ற வீம்பில் யோசிக்க ஆரம்பித்தேன்.

சாயங்காலம் சூளை கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் திறந்தேன். பலகை குறுக்கும் நெடுக்குமாக வெடித்திருந்தது. தொட்டதும் துண்டு துண்டாகக் கழன்று வந்தது. சில துண்டு கைப்பிடி அளவு, சில துண்டு கொய்யாக்காய் அளவு, எல்லாம் செங்கல் கனம். இன்னொரு பலகை உருக்கி ஆறவைக்க நேரம் கிடையாது. இருப்பதை வைத்துத்தான் ஏதாவது செய்ய வேண்டும். துண்டுகளையே ஒரு சாதாரணக் கண்ணாடித் தகட்டின்மேல் நெருக்கமாக ஒட்டிப் பட்டையாக்கிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் வெடித்த கண்ணாடியை நம்ப முடியாது. உள்ளுக்குள் இன்னும் விரிசல் ஒளிந்திருந்தால், அருவித் தண்ணீரின் குளிர் பட்டதும் பிறகு ஒருநாள் தெறிக்கும். அதுவும் பெண்கள் நிற்கும் அறையில். அதனால் எல்லாத் துண்டையும் வெந்நீரில் போட்டு எடுத்து, அப்படியே குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரில் முக்கினேன். உடைய வேண்டியது அங்கேயே உடையட்டும். ‘சடக் சடக்’ என்று பல துண்டுகள் பிளந்தன. பிளந்ததை ஒதுக்கினேன். தாக்குப்பிடித்ததை எடுத்து மறுபடியும் முக்கினேன். திரும்பத் திரும்ப முக்கியும் அசையாமல் கிடந்ததை மட்டும் அடுத்த வீட்டுக்காரர் துணியில் துடைத்து அடுக்கினார். என் கணவர் வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்துக் கொட்டினார். பிறகு கடை பூட்டுவதற்குள் ஓடிப்போய், சொன்ன அளவுக்குத் தகடு வெட்டிக்கொண்டு, அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி நடந்தே வந்தார். சாரலில் வழுக்கிவிடும் என்று ஆட்டோவைக்கூட நம்பவில்லை.

இரவோடு இரவாகத் துண்டுகளின் கூர் ஓரங்களைத் தேய்த்து, மேலே சிறிதும் கீழே போகப்போகப் பெரிதுமாக அடுக்கி ஒட்டி முடித்தோம். மறுநாள் காலையில் அந்தத் தகட்டை மடிமேல் வைத்துக்கொண்டு மூன்று பேரும் குற்றாலம் போனோம். அருவியின் சத்தம் தூரத்திலேயே கேட்டது. நான் பட்டையைப் பொருத்தி, இடுக்குகளைப் பூசி முடிக்கவும், தகரமும் சுத்தியலுமாக ஆள் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பின்னாலேயே அதிகாரியும் வந்தார்.

“முடிச்சிட்டியளா?” என்று கேட்டார். நம்பாத குரல்.

“முடிச்சாச்சு. விரல் நுழையுதான்னு பாத்துக்கிடுங்க. அப்புறம் நீங்க வெளிய நின்னு போனை எடுங்க. எந்தப் பக்கம் வேணும்னாலும் வச்சிப் பாருங்க” என்றேன்.

அடுத்த வீட்டுக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதிகாரி போனை ஜன்னலில் ஒட்டவைத்துப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தார். கடைசியாக நடுவில் இருந்த வெள்ளைப் பட்டைக்கு வந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“நான் இப்ப என்ன செய்யுதேன்னு சொல்லுங்க பாப்போம்!”

அதிகாரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “நிக்கியளா?”

“உக்காந்து எவ்வளவு நேரம் ஆகுது! இப்பம் என்ன செய்யுதேன்?”

“கையத் தூக்குதியளா?”

“தலையில முக்காடு போடுதேன்! இப்பம்?”

அவர் போனைக் கீழே இறக்கிவிட்டார். “ஏட்டம்மா, கலரு மட்டும்தான் தெரியுது. ஆளு அங்கன இருக்காவளா, ரெண்டு பேரு இருக்காவளான்னுகூடத் தெரியலை” என்றார். பிறகு சுத்தியல்காரரிடம் திரும்பி, தகரத்தைத் திரும்பக் கொண்டுபோகச் சொன்னார். அந்த மனிதர் சுமந்து வந்த எரிச்சலில் முணுமுணுத்துக்கொண்டே தூக்கிக்கொண்டு போனார். அவர் போவதைக் கண்குளிரப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதவி உயர்வு வந்த நாளில்கூட எனக்கு அப்படி ஒரு திமிர் வந்ததில்லை. தெருவில் பேசிய எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, பாருங்கடி என்று சொல்லவேண்டும்போல இருந்தது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். பலகை முழுசாக வந்திருந்தால் அந்தப் பரீட்சையில் தேறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஒரே பரப்பாக இருந்த வெள்ளைக் கண்ணாடி மதில்மேல் ஒருமுறையும் தேறவில்லை. வெடித்த துண்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வெளிச்சத்தைத் திருப்பிவிடுவதால்தான் உள்ளே இருப்பது எதுவும் உருவமாகத் தெரியவில்லை. இதை என் கணவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அடுத்த சாரலுக்குச் சூளை, பீரோ, பிரிட்ஜ் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிடுவார். செய்த காரியத்துக்காக அவர் இப்போது தினமும் காலையில் எனக்குக் காபி போட்டுத் தருகிறார். அது அப்படியே நடக்கட்டும்.

அடுத்த சில நாட்களில் தண்ணீர் நன்றாகப் பெருகியது. கூட்டம் அலைமோதியது. ஒருநாள் அதிகாரி போன் செய்து, “ஏட்டம்மா, ஒரு கம்ப்ளைண்ட்டு. உள்ள போன பொம்பளைங்க வெளிய வரமாட்டேங்காங்க. வரிசை ரோடு வரைக்கும் நிக்கிது” என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு நானே போனேன்.

அவர் குளித்தார். முதலில் ஓரமாக நின்று கையை மட்டும் நீட்டினார். பிறகு கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே தள்ளப்பட்டு, தண்ணீர் தலையில் ‘தொம்’மென்று விழுந்ததும் வீறிட்டுக் கத்தினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே வரச் சொல்லி நான் கூப்பிட்டதை அவர் காதில் வாங்கவே இல்லை. அன்றைக்கு அவர் பையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டு நின்றது நான்.

பிறகு அறைக்குள் போனோம். உள்ளே எப்படி இருக்கிறது என்று கூட்டத்தோடு நான் அன்றுதான் பார்த்தேன். ஈரத் தரையெல்லாம் பச்சையும் நீலமுமாகக் கிடந்தது. ஒரு தாய் பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு காலேஜ் பெண்கள் ஒருத்திக்கொருத்தி சடை பின்னிக்கொண்டு ஏதோ கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சுவரைத் தடவவில்லை. யாருக்கும் அவசரம் இல்லை. வெளியே வரிசையில் நின்றவர்கள், “உள்ள என்ன கல்யாணமா நடக்கு?” என்று கதவைத் தட்டினார்கள். நான் அந்த வெள்ளைப் பட்டைக்கு முன்னால் போய் நின்று, என் கையால் ஒட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது இதைச் செய்தது யார் என்று கேட்கமாட்டார்களா என்றுகூட ஒரு நப்பாசை இருந்தது.

அடுத்த வீட்டுக்காரர் உலர்ந்த சேலை கட்டி முடித்து, சின்னக் கைக்கண்ணாடியை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்து, நிதானமாகக் கண்ணுக்குச் சுர்மா போட்டுக்கொண்டிருந்தார். போடுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிய” என்றார்.

நான் தள்ளி நின்றேன்.